ஊட்டி உறைபனிக்குச் செடிகளைத் தயார்செய்ய

முதலில் தோட்டத்தின் பள்ளமான மூலையைக் கண்டுபிடியுங்கள். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி அங்கேதான் போய்த் தேங்கும். அங்கே நான் வைத்த தக்காளி ஒரே இரவில் கருகிவிட்டது. இப்போது அந்த இடம் கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும். குளிர் பழகப் பழக அவை தங்களுக்குள் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். சர்க்கரை கலந்த சாறு சீக்கிரம் உறையாது. ஜனவரி கேரட் இனிப்பதும் அதனால்தான்!

தழைச்சத்து உரம் அக்டோபரோடு சரி, இளந்தளிர்தான் முதலில் கருகும். அப்புறம், மேகமும் காற்றும் இல்லாத சாயங்காலம் என்றால் உஷார். பகலிலேயே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் வெயில் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். நாற்றுகளைச் சுற்றிக் குச்சி நட்டு, இலையில் படாமல் பழைய சாக்கைப் போர்த்துங்கள். கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள், பிப்ரவரி கடக்கட்டும்.