பழைய ஜீப்பில் சத்தமா? பட்டறைக்குப் போகும் முன் ஒரு தாள் எழுதுங்கள்

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, "கியர்பாக்ஸ் போய்விட்டது, பாருங்கள்" என்று சொன்னால் கியர்பாக்ஸைத்தான் பிரிப்பார்கள். நீங்கள் கேட்டது அதுதானே! பிரித்தால் உள்ளே ஏதாவது தேய்ந்துதான் இருக்கும். முப்பது வருட வண்டியில் தேயாத சாமான் எது? மாற்றிப் பூட்டி, பில்லும் கொடுத்துவிடுவார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் பழைய சத்தம் திரும்பக் கேட்கும். தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதைதான்.

திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் ஒரு மஹிந்திரா எம்.எம்.540 நிற்கிறது, பெஜோ டீசல் எஞ்சின், நான்கு கியர். வாழைத் தோட்டத்துக்கு உரம் ஏற்றும், தார் இறக்கும், திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணலில் கிடக்கும் எங்கள் முருங்கைக் காட்டுக்கும் போய் வரும். இந்த வட்டாரத்து மெக்கானிக்குகளுக்கு என்மேல் ஒரு கிண்டல் உண்டு: "டீச்சர் வந்தால் தாளோடுதான் வருவார்கள்." அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விதி, கெட்டுப்போனது இதுதான் என்று தாளில் எந்தப் பாகத்தின் பெயரும் வரக்கூடாது. "கிரவுன் பினியன் சத்தம்" (சக்கர அச்சான ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும், பின்பக்கமிருந்து ஊளை, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது" என்று எழுதினால் அது நீங்கள் கண்டது. கண்டதைக் கொண்டுபோங்கள். தீர்ப்பு சொல்லத்தான் மெக்கானிக்குக்குக் கூலி கொடுக்கிறோம்.

தாளின் மேல் பகுதியில் வண்டியின் ஜாதகம். எந்த வருட வண்டி, எந்த எஞ்சின், கியர்பாக்ஸ் வண்டியோடு வந்ததா பிறகு மாற்றியதா, நான்கு டயரும் ஒரே அளவா, கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது. இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. ஆக்ஸில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். நம் பக்கம் கைமாறி வரும் ஜீப்புகளில் முன் ஆக்ஸில் ஒரு வண்டியுடையதாகவும் பின் ஆக்ஸில் இன்னொன்றுடையதாகவும் இருப்பது அதிசயமில்லை. இரண்டின் விகிதமும் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு, சக்தி கொண்டுவரும் தண்டு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஒன்றாக இல்லாவிட்டால், ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்ட நிமிடத்திலிருந்து முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிடக்கும். விற்றவர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கே தெரிந்திருக்காது.

கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் தரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) லிவரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். டயரில் ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) ஒரு கோடு. சக்கரத்தை நிதானமாகச் சரியாக இரண்டு சுற்று சுற்ற, கூட இருப்பவர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஏன் இரண்டு சுற்று? ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். டிஃபரன்ஷியலின் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுற்றைப் பங்கிடும் பல்தொகுதி) கணக்கு அப்படி. வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வழிவந்த வண்டிகள் பலவற்றில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். ஆகவே ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றுக்குச் சற்று மேலே, அதாவது 5.38 வரும். பின்பு பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்திலும் இதையே செய்யுங்கள். முன் சக்கரத்தில் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் விடுவிக்கவும் உள்ள பூட்டு) இருந்தால் பூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். இரண்டு எண்களையும் தாளில் எழுதுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு எண் வந்தால், மற்ற சோதனைகளுக்கு முன்னால் மெக்கானிக்கிடம் அதைத்தான் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாததுதான். அதை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவரை நான் திட்டாமல் விடுவதில்லை. கல் வையுங்கள், அப்புறம் படுங்கள்.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. ஆடி மாதத்தில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போய் சத்தம் கேட்க நினைக்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலைதான் சுற்றும், உங்கள் காதில் வேறொன்றும் விழாது. விடிகாலையில் நாங்குநேரிப் பக்கம் நான்குவழிச் சாலை நல்லது. கித்தான் கூரையைச் சுருட்டிக் கட்டுங்கள், பின்னால் கிடக்கும் மண்வெட்டி, கேன் எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். பாதிச் சத்தம் அதோடு போய்விடும், போனால் சந்தோஷம். எழுத ஓர் ஆள் கூட வரட்டும். ஓட்டுகிறவர் எழுதக்கூடாது.

வண்டி நிற்கும்போதே ஒரு சோதனை உண்டு. நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு கிளட்சை மிதியுங்கள், விடுங்கள். மிதித்தால் சத்தம் வருகிறதா, மிதித்தால் சத்தம் போகிறதா? மிதிக்கும்போது வந்தால் பெரும்பாலும் கிளட்சைத் தள்ளிவிடும் ரிலீஸ் பேரிங். மிதிக்கும்போது போனால் கியர்பாக்ஸின் முன்பக்க பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். (பாகங்களின் பெயரை நான் சொல்வது உங்கள் காதுக்கு, தாளுக்கு அல்ல.)

ஓடும்போது ஒவ்வொரு கியரிலும் மூன்று நிலை: மிதித்து இழுக்கும்போது, காலை எடுத்து வண்டி தானாக இழுபடும்போது, நியூட்ரலில் உருளும்போது. நியூட்ரலுக்கு வந்ததும் எஞ்சின் வேகம் இறங்குகிறது, சாலை வேகம் அப்படியே இருக்கிறது. சத்தம் எதோடு போகிறது என்று பாருங்கள். எஞ்சினோடு இறங்கினால் கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பாதி. சாலை வேகத்தோடு தொடர்ந்தால் அதற்குப் பின்னால் எங்கோ. ஒன்று, இரண்டு, மூன்றாவது கியர்களில் சத்தம் கேட்டு, நான்காவதில் மட்டும் மறைந்தால் அதைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். டாப் கியரில் சக்தி நேராகப் போவதால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கீழ்த் தண்டுக்குப் பாரமில்லை. அனுபவமுள்ளவர் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். இழுக்கும்போது இல்லாமல் காலை எடுத்ததும் ஊளையிட்டால் பினியன் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. காலியான சாலையில் லேசாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது உறுமல் கூடினால் பாரம் வாங்கும் வலப்பக்கச் சக்கர பேரிங் சந்தேகத்துக்குரியது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் கொஞ்சம் பாடும். வில்லிஸ் காலத்து அமைப்பில் டூ வீலில் போனாலும் இடைப் பல் வழியாகத்தான் சக்தி போகிறது. அது பிறவிக் குணம், நோய் இல்லை. அதேபோல் தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால் ஸ்டீயரிங் கனப்பதும் டயர் உரசுவதும் கோளாறு அல்ல, உங்கள் தப்பு. தேரி மணலிலோ சேற்று வயலிலோதான் ஃபோர் வீலைச் சோதிக்க வேண்டும். லோவில் (இழுவை கூடிய தாழ்ந்த நிலை) போகும்போது லிவர் தானாகக் கழன்று விழுந்தால், மேட்டில் இழுக்கும்போதா, இறக்கத்திலா என்று எழுதுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மாருதி ஜிப்ஸிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக ரப்பர் மவுண்டில் தொங்குகிறது.

நேரில் மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடியாதபோது செல்போனில் பதிவு செய்து அனுப்பலாம். எல்லாரும் எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார்கள், எஞ்சின்தான் கேட்கிறது. பின் சீட்டுக்கு அடியில் தகரத்தோடு ஒட்டிக் கட்டிவையுங்கள். கூட இருப்பவர் "முப்பது, மூன்றாவது கியர், கால் எடுத்தாயிற்று" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வரட்டும். கேட்பவருக்கு அதுதான் வரைபடம். பதிவை மெதுவாக ஓட்டி எண்ணினால் இன்னொரு லாபம். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் போகும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்று, ஷாஃப்ட் இருபத்தாறு சுற்று. "கடக், கடக்" என்பது நொடிக்கு ஐந்து வந்தால் சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் பாருங்கள். எண்ணவே முடியாத அதிர்வு என்றால் ஷாஃப்ட்.

ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸை (சிலுவை வடிவ மூட்டு) கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மூடிகளின் ஓரத்தில் செம்மண்போல் மெல்லிய துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊர்ச் செம்மண் என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்; மண் எங்கும் படியும், இந்தப் பொடி மூடியைச் சுற்றி மட்டும்தான் இருக்கும். கழற்றினால் முதலில் அடையாளக் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பட்டறையில் கோடு போடாமல் கழற்றி, இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) நேருக்கு நேர் வராமல் பூட்டி அனுப்பினார்கள். கிராஸ் புதியது, அதிர்வோ இரட்டிப்பு.

கடைசியாக கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் ஆயில். வண்டியை ஓட்டிவிட்டு, சூட்டோடு டிரெயின் பிளக்கைக் கழற்றி, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் பிடியுங்கள். வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மசிபோல் நைசாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். மஞ்சளாக மினுங்கினால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. விரலில் நெருடும் சில்லு என்றால் வண்டியை ஓட்டாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்த நிறத்தை நம் மாவட்டத்தில் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) அடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போயிருக்கிறது; குறைந்ததையும் கூடியதையும் எழுதுங்கள்.

யாரிடம் கொண்டுபோவது? கார் மெக்கானிக்கை விட டிராக்டர் மெக்கானிக் எனக்கு உசத்தி. கிரவுன் பினியனின் இடைவெளியைக் கையால் ஆட்டியே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் யாராவது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருந்தால், ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறிய காது தனி. லேத் பட்டறைக்காரரிடம் ஷாஃப்டைத் தவிர வேறு எதையும் கேட்காதீர்கள், அவர் எல்லாவற்றையும் கடைந்துவிடலாம் என்பார். யாரானாலும் தாளைக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, முதலில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்" என்று சாவியையும் கொடுங்கள். ஓட்டிப் பார்க்காமலேயே ஸ்பேனரை எடுப்பவரிடம் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பிரிப்பதற்குச் சம்மதித்தால் கூலியைப் பிரிக்க ஒன்று, பூட்ட ஒன்று என்று தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். போய், மேசையில் கிடப்பதைப் பாருங்கள். பழைய சாமானைப் பையில் போட்டு வாங்கி வாருங்கள். டிஃபரன்ஷியல் பிரித்திருந்தால் எந்தப் பக்கம் எத்தனை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு), என்ன தடிமன் என்று கேட்டு அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதைக் கேட்பார்கள்.