‘ரீரைட்’ பாட்டைத் தமிழ் வாய் பாடுவது எப்படி

2003இல் தொடங்கிய ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் பார்த்தவர்களுக்கு ‘ரீரைட்’டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, அதன் நாலாவது தொடக்கப் பாட்டு. யோகோஹாமா கல்லூரிப் பசங்களாக 1996இல் சேர்ந்த ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ராக் இசைக்குழு இதை 2004 ஆகஸ்டில் சிங்கிளாக விட்டது. குழுவை ரசிகர்கள் சுருக்கமாக ‘அஜிகன்’ என்பார்கள்.

ஜப்பானிய மொழி தெரியாமலேயே இதைப் பாடலாம். சிக்கல் உச்சரிப்பில் இல்லை, மாத்திரையில்தான்.

பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. ஜப்பானிலும் குறில், நெடில் கணக்கு அப்படியேதான், ஆனால் அங்கே ஒற்றுக்கும் முழு மாத்திரை. ‘நிப்பொன்’ நமக்கு மூன்று, அவர்களுக்கு நி-ப்-பொ-ன் என்று நான்கு. இந்தப் பாட்டின் பல்லவிக்கு முந்தைய வரிகளில் ‘கித்தெ’ மாதிரி ஒற்று இரட்டித்த சொற்கள் வருகின்றன, அங்கே ‘த்’தில் ஒரு தட்டு நிற்காமல் ஓடினால் பல்லவிக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டு டிரம்ஸுக்காகக் காத்திருப்பீர்கள். தலைப்புச் சொல்லும் ‘ரீரைட்’ இல்லை, ரி-ர-இ-தொ, நான்கு தட்டு, கடைசி ஒகரம் குறில். நமக்குக் கடைசி எ, ஒ எல்லாவற்றையும் நீட்டும் பழக்கம் இருக்கிறது, அதை விடுங்கள். முதலில் ராகமே வேண்டாம், தொடையில் தட்டிக்கொண்டு வரிகளைச் சும்மா சொல்லிப் பாருங்கள்.

ஒலிகளில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். அவர்களுடைய ர நம் ‘மரம்’ ர-வுக்குக் கிட்டத்தட்ட சமம். உகரத்துக்கு உதட்டைக் குவிக்கக் கூடாது, ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே அந்தக் குற்றியலுகரம்தான். z மட்டும் நம்மிடம் இல்லை, ஜ போடாமல் ஸ-வைத் தொண்டை அதிரச் சொல்லுங்கள்.

வரிகளைத் தமிழில் எழுதி வைத்தால் க எது g எது என்று குழம்பும். அதற்கு ஜப்பானியர்களிடமே கடன் வாங்கலாம்: அவர்கள் எழுத்தின் மேல் மூலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால் k-வே g ஆகிவிடும். நான் தமிழ் க மேலேயே சிவப்புப் பேனாவால் போட்டுக்கொள்வேன், பார்க்க அசிங்கம்தான், ஆனால் வேலை செய்கிறது.

அப்புறம், அனிமேயில் வருவது ஒன்றரை நிமிட வெட்டு. முழுப் பாட்டில் நடுவே எல்லாம் அடங்கி, பல்லவிக்கு முந்தைய வரிகளையே மெதுவாகத் தொடங்கித் திரும்பத் திரும்பச் சொல்லி அலறல் வரை ஏற்றுவார்கள். அது தெரியாமல் கரோக்கேயில் மைக்கைக் கீழே வைத்து கைதட்டலுக்குக் காத்திருந்த ஆள் நான். முதல் பல்லவியிலேயே தொண்டையைக் காலி செய்யாதீர்கள், கத்த வேண்டிய இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.