மோட்டார்ஹோம் ராலிக்கு முதன்முறை போகும் ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு: படிப்படியான விளக்கம்

அமெரிக்காவில் பணி ஓய்வுக்குப் பிறகு மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு ஓடும் வீட்டு வண்டி) வாங்கும் தம்பதிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சீக்கிரமே ஒரு பெரிய ராலிக்கு, அதாவது இந்த வண்டிக்காரர்கள் சில நாள் ஒன்றாகத் தங்கும் கூட்டத்துக்குப் போங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, இரண்டு பேரும் வண்டியைக் கற்றுக்கொள்ள. உங்களுடையதைப் போன்ற வண்டியைப் பல வருடமாக ஓட்டியவர் அங்கே பக்கத்து இடத்திலேயே நிற்பார். கேட்டால் மணிக்கணக்கில் சொல்லித் தருவார்.

இந்த வழக்கத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1963 ஜூலை 20 அன்று முழு சூரிய கிரகணம் பார்க்க, மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லியில் 26 குடும்பங்கள் தங்கள் வண்டிகளோடு கூடின. அங்கே பிறந்ததுதான் எஃப்.எம்.சி.ஏ. எனப்பட்ட ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன் என்ற மோட்டார்ஹோம் உரிமையாளர் சங்கம். ஜார்ஜியாவின் பெர்ரி, வயோமிங்கின் ஜில்லெட் போன்ற ஊர்களின் கண்காட்சி மைதானங்களில் அதன் பெரிய ராலிகள் நடந்திருக்கின்றன.

படி 1: பதிவு செய்யும்போதே மின்சாரத்தை முடிவு செய்யுங்கள்

50 ஆம்பியர், 30 ஆம்பியர், இணைப்பே இல்லாத இடம் என்று வகைகள் இருக்கும். 30 ஆம்பியரில் கிடைப்பது 3,600 வாட். 50 ஆம்பியரில் இரண்டு மின்கம்பிகள் வருவதால் 12,000 வாட், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்பியர் இடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். இணைப்பில்லாத இடத்தில் இரவு ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்வார்கள். தூங்கும்போது மூச்சுக்கு சிபாப் கருவி வைப்பவர்கள் அதனால் மின் இணைப்புள்ள இடத்தையே வாங்குவது நல்லது. முழங்கால் வலி, நடக்கச் சிரமம் என்றால் அதையும் படிவத்தில் எழுதுங்கள். வாசலில் வந்து கேட்டால் இடம் கிடைப்பது கடினம்.

படி 2: கிளம்பும் முன்

டயரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மோட்டார்ஹோம் நிறைய நாள் நின்றே இருப்பதால், டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெடும். பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

வண்டியின் உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். 12 அடிக்கு மேல் உள்ள வண்டிகள் நிறைய. காருக்கான மேப் தாழ்வான பாலத்தைப் பற்றி எச்சரிக்காது.

பல ராலிகளில் நிற்கும் இடத்தில் கழிவுநீர் இணைப்பு இருக்காது. கழிவுத் தொட்டிகளைக் காலி செய்துகொண்டு, நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். 100 கேலன் தண்ணீரின் எடை சுமார் 380 கிலோ என்பதால், முடிந்தால் ராலி நடக்கும் ஊரை நெருங்கியபின் நிரப்புங்கள்.

படி 3: வந்து நிறுத்துவது

தன்னார்வலர்கள் கை காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். நண்பர்களோடு சேர்ந்து நிற்க ஆசையென்றால் எல்லோரும் ஒன்றாக வரிசையில் நுழைய வேண்டும். பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள காரை இழுத்து வருபவர்கள் அதை முதலில் கழற்றிவிடுங்கள். காரை இழுத்தபடி ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. புல்தரை என்றால், வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக்குகளுக்கு அடியில் பலகை வையுங்கள். மழை பெய்தால் புதைந்துவிடும்.

படி 4: வகுப்புகள்

ராலிக்குப் போவதே இதற்காகத்தான். புதியவர்களுக்கான அறிமுகக் கூட்டம் இருந்தால் தவறவிடாதீர்கள். சக்கரவாரியாக எடை போடும் வசதி இருந்தால் அன்றே பெயர் கொடுங்கள். டயர்க் காற்றை எவ்வளவு வைப்பது என்பது அந்த எடையைப் பொறுத்தது.

பெரும்பாலும் கணவர் இன்ஜின் வகுப்புக்கும் மனைவி சமையல் வகுப்புக்கும் பிரிந்து போவதைப் பார்க்கிறேன். அது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு நெஞ்சுவலி வந்தால் பக்கத்தில் இருப்பவர்தான் வண்டியை ஓரம்கட்ட வேண்டும். ஓட்டுநர் பயிற்சியும் தீத்தடுப்பு வகுப்பும் இருவருக்கும் வேண்டும். ஏர் பிரேக் உள்ள வண்டியில் மஞ்சள் குமிழை இழுத்தால் பார்க்கிங் பிரேக் பிடிக்கும், அழுத்தினால் விடும்; இதை அவரவர் கையாலேயே செய்து பாருங்கள். கேஸ் வால்வை மூடுவது, தீயணைப்பானை எடுப்பது, படுக்கையறையில் உள்ள அவசர வழி ஜன்னலைத் திறப்பது, எல்லாம் அப்படியே. அந்த ஜன்னல் வழியாக உங்களால் இறங்க முடியுமா என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

படி 5: மாலை நேரம்

உங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசுபவர்களோடு போய் உட்காருங்கள். ஆளுக்கொரு உணவு கொண்டுவரும் விருந்துக்கு எலுமிச்சை சாதம் அருமையாகப் போகும். வேர்க்கடலை போட்டிருந்தால் சீட்டில் எழுதி வையுங்கள், பலருக்கு ஒவ்வாமை உண்டு.

விற்பனை அரங்கில் விலை உயர்ந்த எதையும் பார்த்த அன்றே வாங்காதீர்கள். உங்கள் ஊருக்கு அருகில் யார் சர்வீஸ் செய்வார்கள் என்று கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களிடமும் விசாரியுங்கள்.

படி 6: கிளம்பும் நாள்

கழிவைக் காலி செய்யும்போது முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல், சமையல் கழிவுநீர்த் தொட்டி. அப்போதுதான் குழாய் கழுவப்படும். மின்கம்பி, ஜாக், படிக்கட்டு, ஆன்டெனா எல்லாம் உள்ளே வந்ததா என்று ஒருவர் சுற்றிப் பார்த்தபின், மற்றவரும் ஒருமுறை சுற்றி வரட்டும். பிறகு இன்ஜினைக் கிளப்புங்கள்.