மெலனோமாவில் முக்கியமான ஜீன்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

தோல் புற்றுநோய் ஜீன்களை வைத்து பிராஜெக்ட் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள்: ஜியோ (GEO) என்ற பொதுத் தரவுக் கிடங்கில் ஒரு டேட்டாசெட், ஆர் மொழியில் லிம்மா (எந்த ஜீனின் வெளிப்பாடு இரு குழுக்களுக்கு இடையே மாறியது என்று கணக்கிடும் கருவி), புரதத் தொடர்புகளைத் தரும் ஸ்டிரிங்கில் ஒரு வலைப்பின்னல், அதை வரைந்து அலசும் சைட்டோஸ்கேப்பில் முதல் பத்து 'ஹப்' ஜீன்கள், அதாவது அதிகத் தொடர்பு உள்ளவை, முடிந்தது கதை. பாதை தப்பில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போனால், கடைசியில் கிடைக்கும் பட்டியல் புற்றுநோயைப் பற்றிப் பேசாது, வெட்டியெடுத்த தோல்துண்டில் எந்த செல் எவ்வளவு இருந்தது என்பதைத்தான் சொல்லும்.

முதலில் எந்தப் புற்றுநோய் என்று முடிவு செய்யுங்கள். பேசல் செல் வகையில் பிடிசிஎச்1 ஜீன்தான் பெரிய ஆள், தோலின் நிறமி செல்களான மெலனோசைட்டுகளில் தொடங்கும் மெலனோமாவின் கதையே வேறு. இங்கே மெலனோமாவை எடுத்துக்கொள்வோம்.

அடுத்தது, எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். டிசிஜிஏ (TCGA) என்ற பெரிய புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் மெலனோமா தொகுப்பில் 470-ஐ ஒட்டிய மாதிரிகள் இருக்கின்றன, பெரும்பாலும் பரவிய கட்டிகள், அதில் சாதாரணத் திசு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று! அதனால் ஜியோவில் ஜிஎஸ்இ3189-ஐ எடுங்கள்: 45 மெலனோமா, 18 மச்சம், 7 சாதாரணத் தோல். தோலை விட்டுவிட்டு மச்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்பேன். சாதாரணத் தோலில் பெரும்பாலானவை மேல்தோலை ஆக்கும் கெரட்டினோசைட்டுகள், மெலனோமாவோ மெலனோசைட்டில் இருந்து வருவது, ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால் கெரட்டினோசைட்டின் ஜீன்களான கேஆர்டி5, கேஆர்டி14 சரிந்துவிட்டன, மெலனோசைட்டின் ஜீன்களான பிமெல், எம்லானா ஏறிவிட்டன என்று பிரமாதமான பி-மதிப்போடு வரும். கட்டியில் மெலனோசைட் அதிகம் என்பதைச் சொல்ல இவ்வளவு கணக்கு எதற்கு? மச்சம் என்பதே மெலனோசைட் குவியல்தான், அதோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் நிறையக் குறையும்.

தரவை இறக்கியதும் பாக்ஸ்பிளாட் (மாதிரிவாரியாக மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் படம்) போடுங்கள். மதிப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் லாக்2 எடுக்கவில்லை என்று அர்த்தம், எடுத்துவிட்டு லிம்மாவுக்குப் போங்கள். பார்க்க வேண்டியது, ஒரே நேரத்தில் பல ஜீன்களைச் சோதிப்பதற்காகத் திருத்திய பி-மதிப்பை. இந்தத் தரவை எடுத்த மைக்ரோஅரே சிப்பில் ஜீன் வெளிப்பாட்டை அளக்கும் புரோப்கள் 22,000-க்கு மேல், திருத்தாமல் 0.05 என்று வைத்தால் சும்மாவே ஆயிரத்துக்கு மேல் தேறிவிடும்.

ஹப் ஜீன்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நிறைய ஆராய்ச்சி நடந்த ஜீனுக்கு ஸ்டிரிங்கில் கோடுகளும் நிறைய இருக்கும். சிடிகே1, சிசிஎன்பி1 எல்லாம் எந்தப் புற்றுநோயை எடுத்தாலும் வந்து நிற்கும், செல்கள் பிரிகின்றன என்பதற்கு மேல் அதில் சேதி இல்லை. உங்கள் பட்டியலை ஒற்றை செல் தரவில் (ஒவ்வொரு செல்லின் ஜீன் வெளிப்பாட்டையும் தனித்தனியே அளந்தது) உரசிப் பாருங்கள். ஜிஎஸ்இ72056 இருக்கிறது, 2016-இல் வந்தது, 19 நோயாளிகளின் 4,645 செல்கள். நீங்கள் பிடித்த ஜீன் டி-செல்லில் மட்டும் தெரிந்தால், அது கட்டிக்குள் வந்த நோயெதிர்ப்பு செல்லின் ஜீன், புற்றுசெல்லின் ஜீன் இல்லை.

சரி, மெலனோமாவின் பிரபலமான ஜீன் பிராஃப் (BRAF) எங்கே? 2002-இலேயே கண்டுபிடித்தாயிற்று, மெலனோமாவில் பாதிக்குப் பாதி அதில் பிறழ்வு இருக்கிறது, ஆனாலும் லிம்மா பட்டியலில் அதை எதிர்பார்க்காதீர்கள். அதில் வரும் வி600ஈ என்ற பிறழ்வு புரதத்தை எப்போதும் முடுக்கிவிட்ட நிலையில் வைக்கிறது, ஜீன் எவ்வளவு வெளிப்படுகிறது என்பது மாறவேண்டிய அவசியம் இல்லை. அதனால் பிறழ்வுத் தரவைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். சிபயோபோர்ட்டல் என்ற இணையதளத்தில் டிசிஜிஏ தொகுப்பைத் திறந்து அடிக்கடி பிறழும் ஜீன்கள் என்று வரிசைப்படுத்தினால் டிடிஎன் என்ற ஜீன் மேலே வரும். ஏமாறாதீர்கள். அது ராட்சத ஜீன், புறஊதாக் கதிர் மரபணுத் தொகுதி முழுக்க டிஎன்ஏ எழுத்தான சி-யை டி-யாக மாற்றிக்கொண்டே போவதால் பெரிய ஜீனில் அடி அதிகம் விழுகிறது, அவ்வளவுதான். மியூட்சிக்சிவி மாதிரியான கருவிகள் இந்தப் பின்னணி வேகத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடும். 2015-இல் டிசிஜிஏ குழு 333 மாதிரிகளை அலசி மெலனோமாவை பிராஃப், ராஸ், என்எஃப்1, இம்மூன்றும் இல்லாதது என்று நான்காகப் பிரித்தது, உங்கள் முடிவுகளை அதோடு ஒத்துப் பாருங்கள். எக்ஸோம் தரவில் (புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படித்தது) டெர்ட் ஜீனின் பிறழ்வு சிக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், 2013-இல் தெரியவந்த அந்த மாற்றம் ஜீனை இயக்கும் முன்பகுதியான புரொமோட்டரில் இருக்கிறது, எக்ஸோம் பெரும்பாலும் அங்கே எட்டாது.

மிஞ்சியவற்றை டெப்மேப்பில் (புற்றுசெல்கள் எந்த ஜீனை நம்பி வாழ்கின்றன என்று காட்டும் தரவுத்தளம்) போட்டுத் தேடுங்கள். ஜீனை வெட்டினால் மெலனோமா செல்கள் மட்டும் தடுமாறுகின்றனவா, எல்லா செல்லும் சாகிறதா என்று தெரியும். சாக்ஸ்10 முதல் ரகம், சிடிகே1 இரண்டாவது.

இந்திய மாதிரிகள் கிடைத்தால் கொஞ்சம் வேறு மாதிரி செய்ய வேண்டும். நம்மவர்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் அக்ரல் வகையின் பங்கு அதிகம், அதில் வெயில் தந்த பிறழ்வுகள் குறைவு, பிராஃப் குறைவு, கிட் ஜீன் கூடுதலாகத் தட்டுப்படும், குரோமோசோம் துண்டுகள் பெருகுவதும் தொலைவதும் நிறைய நடக்கும். ஆகவே அங்கே நகல் எண்ணிக்கை அலசலையும் (எந்தத் துண்டு எத்தனை நகல்கள் என்று பார்ப்பது) முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.