ஃபோக் பாட்டுக்கு கிட்டார் வாங்கறப்போ மும்பைல நம்மாளுங்க சொதப்புற இடங்கள்

மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துப் பசங்க கிட்டார் வாங்கணும்னா நேரா இசைக்கருவிக் கடைங்க இருக்கற தோபி தலாவ் போயி, செவுத்துல பெருசா தொங்குற டிரெட்நாட்ட, அதான் அகலமான பெரிய உடம்பு கிட்டார, எடுத்து நாலு கார்டு ஓங்கி அடிச்சுப் பாத்துட்டு, சத்தம் சூப்பரா இருக்குன்னு பில் போட்டுடுறாங்க. முதல் சொதப்பலே இதான்.

டிரெட்நாட் மோசம்னு சொல்லல. பிக் வச்சு ஸ்ட்ரம் பண்ணி நாலு பேரா சேந்து பாடறதுக்கு அதான் சரி. ஆனா விரலால மெதுவா வாசிச்சுக்கிட்டே தெம்மாங்கோ தாலாட்டோ தனியா பாடறவங்களுக்கு அதோட கனமான பேஸ் சத்தம் பாடற குரல முழுங்கிடும். அவங்க ஓஎம் இல்லனா டபுள் ஓன்னு சொல்ற, அதவிடச் சின்ன உடம்பு சைஸ் பாக்கணும், இடுப்பு ஒடுங்கி மடில அழகா உக்காரும், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்கும். சாயங்காலம் ஹார்பர் லைன் கூட்டத்துல தூக்கிட்டு ஏறவும் சின்னது தான் தேவலை. அப்படியே நட், அதாவது கழுத்து உச்சில கம்பிங்க உக்கார்ற சின்னப் பட்டை, அதோட அகலத்தையும் கேளுங்க, 43 மில்லிமீட்டரா 44.5ஆன்னு. ஒன்றரை மில்லி என்ன பெருசான்னு தோணும், விரலால பிக் பண்றப்போ தெரியும்.

அடுத்தது மரம். ரோஸ்வுட்டா மஹாகனியான்னு மணிக்கணக்குல சண்டை போடுவாங்க. 2018ல இங்கிலாந்து லேன்காஸ்டர் யுனிவர்சிட்டில, பின்பக்கமும் சைடும் மட்டும் வேற வேற மரத்துல 6 கிட்டார் செய்ய வச்சு, 52 பேருக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி மங்கலான ரூம்ல வாசிக்க விட்டாங்க. மார்க் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் விழுந்துச்சு. அதுல பிரேசில் ரோஸ்வுட்டும் இருந்துச்சு, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரமும் இருந்துச்சு, அதாங்க இந்தியன் ரோஸ்வுட்.

காசு போட வேண்டியது முன்பக்கப் பலகைல. கம்பி அதிர்றது முக்கியமா அது வழியாதான் வெளிய வருது. ஸ்ப்ரூஸ் மரம் ஓங்கி அடிச்சாலும் தாங்கும், சிடார் மரம் லேசா தொட்டாலே பேசும் ஆனா ஓங்கி ஸ்ட்ரம் பண்ணா கலங்கிடும், அதனால விரல்காரங்களுக்கு சிடார் ஓகே. சாலிட் டாப், அதாவது முன்பக்கம் அடுக்கு ஒட்டாத முழு மரம்னு கடைல சொல்றத அப்படியே நம்பிடாதீங்க. போன் டார்ச்ச அடிச்சு சவுண்ட் ஹோல் விளிம்பப் பாருங்க. மேல ஓடுற ரேகை விளிம்புலயும் அப்படியே கீழ இறங்குனா சாலிட், சாண்ட்விச் மாதிரி மெல்லிசா மூணு அடுக்கு தெரிஞ்சா பிளைவுட்.

அதுக்காக முழுக்க சாலிட் மரம்தான் வேணும்னு அடம் பிடிக்கறதும் தப்பு, அதுவும் நம்ம ஊரு ஜூலைல. ஈரத்துல பலகை ஊதி, கம்பிங்கள உடம்புல கட்டியிருக்கற பிரிட்ஜ் கட்டைக்குப் பின்னால வயிறு வைக்கும், கம்பி ஒசந்துடும், விரல் கிழியும். சாலிட் மரத்துக்கு 45லருந்து 55 சதவீதம் ஈரப்பதம் இருந்தா நல்லது, கடலோரத்துல மழைக்காலத்துல அதெங்க கிடைக்கும். மேல சாலிட், பின்னாடியும் சைடும் லேமினேட், அதான் அடுக்கு ஒட்டுன பலகைன்னு எடுத்தா பாதித் தலைவலி குறையும், விலையும் கம்மி. எதுவா இருந்தாலும் கேஸ்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைங்க, ஹால்ல ஸ்டாண்டுல நிறுத்தி அழகு பாக்காதீங்க.

கடைல துருப்பிடிச்ச பழைய கம்பியோட கேட்டுட்டு டோன் சரியில்லன்னு ஒதுக்கறவங்களும் உண்டு, புதுசு மாட்டித் தரச் சொல்லுங்க. அப்புறம் வாசிச்சா மட்டும் போதாது, நீங்க பாடற ஸ்கேல்ல ஒரு பாட்டு முழுசா பாடிப் பாருங்க, சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பாத்தா பாத்துட்டுப் போறாரு.