பழைய ஆக்சென்ட் 1.5 பெட்ரோலில் டைமிங் பெல்ட், டென்ஷனர்: வீட்டிலேயே மாற்றலாம்

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வந்த பழைய ஹூண்டாய் ஆக்சென்ட், அந்த 1,495 சிசி 12 வால்வு பெட்ரோல் இன்ஜின், இன்னமும் நிறைய பேர் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. டைமிங் பெல்ட் என்பது கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரே கணக்கில் சுற்ற வைக்கும் பல் வைத்த பெல்ட். அதை மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். எனக்கு ஒர்க்ஷாப்பில் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு "டென்ஷனர் நல்லாத்தான் இருக்கு, ஓடும்" என்று பழையதையே போட்டு அனுப்பினார்கள். 14,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, திண்டிவனம் தாண்டி டென்ஷனர் பேரிங் இறுகி, பெல்ட் பல் தாவி, வண்டி நின்றுவிட்டது. இந்த இன்ஜினில் டைமிங் தவறினால் பிஸ்டன் வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) கழற்றினால் நான்கு வால்வு வளைந்து கிடந்தது. அதற்கப்புறம் இந்த வேலையை நானே செய்கிறேன், 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முதலில் வருகிறதோ அதுதான் என் கணக்கு.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டிரைவர் பக்க முன் சக்கரத்தை எடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே போகக்கூடாது. ஆல்டர்னேட்டர், ஏசி, பவர் ஸ்டியரிங் பெல்ட்டுகள், வாட்டர் பம்ப் புல்லி, மேல் கவர் எல்லாம் வெளியே வரட்டும். ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு இந்தப் பக்க இன்ஜின் மவுன்ட்டை (இன்ஜினை பாடியோடு பிடித்திருக்கும் தாங்கி) கழற்றினால் கை நுழைய நல்ல இடம் கிடைக்கும்.

கிராங்க் புல்லி போல்ட்தான் முரண்டு பிடிக்கும். ஐந்தாவது கியரில் போட்டு, வீட்டில் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, 22 எம்எம் சாக்கெட்டும் நீளமான பைப்பும் போட்டு விடுவியுங்கள். ஸ்டார்ட்டரைத் தட்டி போல்ட்டை விடுவிக்கும் வித்தை வேண்டாம், கையோ இன்ஜினோ ஒன்று போய்விடும். போல்ட் இளகியதும் அதை மறுபடி லேசாக இறுக்கி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிடுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் கிராங்க் கையாலேயே சுற்றும். எப்போதும் கடிகாரம் சுற்றும் பக்கம்தான் சுற்ற வேண்டும். புல்லியின் வெட்டு, கவரில் உள்ள T குறிக்கு நேராக வர வேண்டும், அதே நேரத்தில் கேம் புல்லியில் உள்ள வட்டத் துளை ஹெட்டில் இருக்கும் குறிக்கு நேராக நிற்க வேண்டும். துளை எதிர்ப்பக்கம் இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று. சரியாக நின்றதும் புல்லியையும் கீழ் கவரையும் எடுத்துவிட்டு, கிராங்க் பல்சக்கரக் குறியும் பின்னால் உள்ள குறியும் சேர்கிறதா பாருங்கள். போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டென்ஷனரில் இரண்டு போல்ட், ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பழையதை எடுங்கள். பெல்ட் வெளியே இருக்கும்போது கேமையோ கிராங்க்கையோ சுற்றாதீர்கள். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருந்தால் இப்போதே மாற்றுங்கள், ஆயில் பட்டால் புது பெல்ட்டும் ஊறிக் கெட்டுவிடும். வாட்டர் பம்ப் ஷாஃப்ட்டையும் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

புது டென்ஷனரை மாட்டி, வாட்டர் பம்ப் பக்கமாகத் தள்ளித் தற்காலிகமாக இறுக்குங்கள். பெல்ட்டை மடிக்காமல், முதலில் கிராங்க், அடுத்து கேம், கடைசியாக டென்ஷனர் என்று போடுங்கள். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் துளிகூடத் தொய்வாக இருக்கக்கூடாது. தொய்வோடு போட்டால் ஒரு பல் தள்ளிப்போகும், வண்டி ஸ்டார்ட் ஆனாலும் இழுக்காது.

இப்போது டென்ஷனர் போல்ட்டுகளை இளக்கினால் ஸ்பிரிங் தானாக பெல்ட்டை இழுத்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக வைத்து "இன்னும் கொஞ்சம் டைட்டாக இருக்கட்டும்" என்று தள்ளுகிறார்கள். செய்யாதீர்கள், பேரிங் சீக்கிரம் தேய்வதற்கு அதுவே போதும். கேம் புல்லி மூன்று பல் நகரும் அளவுக்கு கிராங்க்கைச் சுற்றுங்கள், அப்புறம் நீளத் துளை உள்ள பக்கத்து போல்ட்டை முதலில் இறுக்குங்கள், மற்றதைப் பிறகு. வரிசை மாறினால் இறுக்கும்போது டென்ஷனரும் சேர்ந்து திரும்பி பெல்ட் அதிகமாக இறுகிவிடும். இரண்டுக்கும் 20 முதல் 27 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் கடன் வாங்கியாவது கொண்டு வாருங்கள்.

அடுத்து கிராங்க்கை கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கேம் ஒரு சுற்று சுற்றி, குறிகள் எல்லாம் பழையபடி சேர வேண்டும். நடுவில் எங்காவது இடித்து நின்றால் பலம் கொடுக்காதீர்கள், அது வால்வு. பெல்ட்டைக் கழற்றி ஆரம்பத்திலிருந்து போடுங்கள்.

குறிகள் சேர்ந்தால் மற்றதெல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழ்தான். கிராங்க் போல்ட் 140 முதல் 150 நியூட்டன் மீட்டர். ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள்: ஊளையிடுவதுபோல் சத்தம் வந்தால் பெல்ட் இறுக்கம் அதிகம், கவரில் தட்டும் சத்தம் வந்தால் தொய்வு. இரண்டில் எது கேட்டாலும் உடனே ஆஃப் செய்துவிட்டு டென்ஷனர் இறுக்கத்தை மறுபடி சரிசெய்யுங்கள்.