டிசம்பர் 25 மதியத்தோடு முடிந்துபோகும் கிறிஸ்துமஸ்: வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கத்தோலிக்க வீடுகளில் பிரியாணி சட்டி காலியானதும் கிறிஸ்து பிறப்பு விழாவும் முடிந்துவிடுகிறது. திருச்சபையின் நாட்காட்டியில் அன்றுதான் விழாக்காலமே தொடங்குகிறது. அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் காத்திருக்கும் திருவருகைக் காலம். டிசம்பர் 24 மாலை முதல் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கொண்டாடும் காலம். வீட்டில் இது தலைகீழாகிறது. டிசம்பர் முழுக்கப் பலகாரம் தின்றுவிட்டு, 26 காலையில் குடிலைப் பிரிக்கிறோம். செபத்திலும் சரி, அடுப்படியிலும் சரி, வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நாள் கணக்கு தப்புவதால் வருபவை.

முதலில் தேதிகள். 2026இல் திருவருகைக் காலம் நவம்பர் 29 ஞாயிறு தொடங்குகிறது. ஞானிகள் பாலனைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சி விழா (‘ராஜாக்கள் திருநாள்’) இந்தியாவில் ஞாயிற்றுக்கு மாற்றப்படுவதால், அது 2027 ஜனவரி 3. திருமுழுக்கு விழா ஜனவரி 10. குடில் அதுவரை இருக்கலாம். ‘ராஜாக்கள் திருநாள்’ வருவதற்கு முன்பே ராஜாக்களைப் பெட்டியில் போட்டு மூடுவது வேடிக்கைதான்.

குடிலும் மெழுகுதிரியும்

பாலன் இயேசுவின் சுரூபத்தை டிசம்பர் முதல் வாரமே தீவனத் தொட்டியில் வைத்துவிடுவது பரவலான பழக்கம். தொட்டி 24 இரவு வரை காலியாக இருக்கட்டும். பூசை முடிந்து வந்ததும் வீட்டில் மிகச் சிறிய பிள்ளை சுரூபத்தை வைக்க, மற்றவர்கள் ஒரு பாட்டுப் பாடினால் போதும். ஞானிகளின் சுரூபங்களை அலமாரியின் தூரத்து மூலையில் நிறுத்தி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்திக்கொண்டே வந்தால் திருக்காட்சி விழாவுக்குச் சரியாகக் குடிலை அடைவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பிரசங்கத்தைவிட இது மனதில் நிற்கும்.

குடிலில் பச்சை வேண்டும் என்று கேழ்வரகோ வெந்தயமோ விதைப்பவர்கள் டிசம்பர் 1ஆம் தேதியே விதைத்துவிடுகிறார்கள். விழா நாளில் பயிர் நீண்டு, சாய்ந்து, மஞ்சளாகியிருக்கும். 14 அல்லது 15ஆம் தேதி விதைத்தால் அளவாக நிற்கும். ஈர மண்ணின் மேல் சீரியல் விளக்கின் ஒயரை ஓட்டாதீர்கள். வைக்கோலுக்கும் தெர்மகோலுக்கும் பக்கத்தில் எரியும் திரியும் கூடாது.

ஞாயிறுக்கு ஒரு திரியாக ஏற்றும் திருவருகை வளையத்தில் ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று. ரோஜா நிறத் திரியை ஏற்றுவது மூன்றாம் ஞாயிறு. கடைசி ஞாயிறு அல்ல. முதல் வாரத் திரி நான்கு வாரமும் எரிய வேண்டும் என்பதை மறந்து மெலிந்த திரியை வாங்கினால், மூன்றாம் வாரமே அடிக்கட்டைதான் மிஞ்சும். செப நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் ஏற்றி அணையுங்கள்.

வாசகமும் தியானமும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு ஒன்றல்ல, நான்கு திருப்பலிகள் உண்டு. திருவிழிப்புக்கு (24 மாலை) மத்தேயு 1:1-25, இரவுக்கு லூக்கா 2:1-14, விடியற்காலைக்கு லூக்கா 2:15-20, பகலுக்கு யோவான் 1:1-18. நான்கையும் ஒரே மூச்சில் வாசித்தால் யாருக்கும் எதுவும் பதியாது. 24 முதல் 27 வரை இரவுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாசித்து, ஒரு நிமிடம் அமைதி, ஒரே ஒரு கேள்வி. இடையர்கள் ஊர் திரும்பியபோது வழியில் என்ன பேசியிருப்பார்கள் என்பது போல. தியானம் என்ற பெயரில் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் செல்போனையும் இழுத்தால், அடுத்த இரவு யாரும் குடில் முன் உட்கார மாட்டார்கள்.

சுவிசேஷத்தில் இல்லாததை அதில் இருப்பதாகச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. ஞானிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. அவர்கள் வந்தது ஒரு வீட்டிற்கு. மாடும் கழுதையும் பிறப்பு வரலாற்றில் இல்லை. எசாயா 1:3இலிருந்து மரபு எடுத்துக்கொண்டவை. அவற்றைக் குடிலில் வைப்பதில் தவறில்லை, காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள்.

நடுசாமப் பூசைக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டு கேக் கொடுத்து அனுப்புவது பல வீடுகளின் வழக்கம். நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் உணவும் பானமும் தவிர்க்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் விதிவிலக்கு. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2026இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. வெள்ளியில் இறைச்சி தவிர்ப்பது வழக்கமாயிற்றே, கறி ஆக்கலாமா என்று தயங்க வேண்டாம்: பெருவிழா வெள்ளியில் வந்தால் இறைச்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை. 2027இல் அது சனிக்கிழமை. அப்போது மறுநாள் ஞாயிறு பூசைக் கடமைக்குத் தனியாக ஒரு பூசை காண வேண்டும். ஒன்று இரண்டுக்கும் சேராது.

அடுப்படி

நாள்பட இருப்பதை முன்னால், கெடுவதைப் பின்னால் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் 23, 24 இரண்டு நாளில் திணித்தால் சமைப்பவர் பூசையில் தூங்கி வழிவார். பெரும்பாலும் அது வீட்டு அம்மாதான். அவரும் செபத்தில் உட்காரும்படி வேலையைப் பிரிக்காத வீட்டில் விழா பாதிப் பேருக்குத்தான்.

குமரி மாவட்டத்து முந்திரிக்கொத்தை டிசம்பர் இரண்டாம் வாரமே போடலாம். பாசிப்பயறு அரைக் கிலோவைச் சிறு தீயில் நிதானமாக வறுத்து, ரவைப் பதத்தில் உடைக்க வேண்டும். நைசாக அரைத்தால் உருண்டை களியாகும். ஒரு தேங்காயின் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுங்கள். ஈரம் மிஞ்சினால் நான்கே நாளில் சிக்கு வாடை வரும். எள் 50 கிராம், ஏலக்காய், சுக்கு. வெல்லமோ கருப்பட்டியோ 400 கிராமைக் கரைத்து வடிகட்டி, ஒற்றைக் கம்பி வரும்வரை காய்ச்சி, சூட்டோடு கலந்து உருட்ட வேண்டும். பாகு இளகினால் உருண்டை எண்ணெயில் உடையும், முற்றினால் கல்லாகும். அதிகம் பேர் தவறவிடும் கட்டம் இதற்குப் பிறகுதான்: உருண்டைகளை ஓர் இரவு உலர விடாமல் மாவில் முக்குவது. மேல்மாவு பச்சரிசி மாவு, மஞ்சள்தூள், உப்பு; பஜ்ஜி மாவைவிடச் சற்றே தளர்வு. மெலிந்த மாவில் பாகு கசிந்து எண்ணெய் முழுக்கக் கருகிவிடும். மும்மூன்றாகச் சேர்த்துப் போடுங்கள்.

அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு 2 கப், மைதா அரை கப், பொடித்த சர்க்கரை அரை கப், முட்டை 1, கறுப்பு எள், உப்பு, கரைக்கத் தேவையான தேங்காய்ப்பால். மாவு தோசை மாவைவிட நீர்த்திருக்க வேண்டும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். ஆறிய அச்சில் மாவு பிடிக்காது. முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். மேல் விளிம்பை மாவு மூடினால் முறுக்கு கழன்று விழாது. சர்க்கரை கூடினால் வேகுமுன் சிவந்து, ஆறியபின் நமுத்துப்போகும். அடியில் மாவு தங்குவதால் அவ்வப்போது கலக்குங்கள்.

பிளம் கேக்கில் ரம்மில் ஊறிய பழம் வாரக்கணக்கில் தாங்கும். ஆரஞ்சுச் சாற்றில் ஊறியது தாங்காது. ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பழத்தை வடிகட்டி, ஒரு கரண்டி மைதாவில் பிரட்டாவிட்டால் எல்லாம் அடியில் இறங்கிவிடும். கருக்கிய சர்க்கரையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கையில் தெறிக்கும். சுடுநீரைச் சிறிது சிறிதாக, தள்ளி நின்று சேருங்கள்.

மாலை ஆக்கிய பிரியாணியை மூடிவைத்துவிட்டுப் பூசைக்குப் போய், இரண்டு மணிக்கு வந்து சாப்பிடுவது ஆபத்து. சோற்றில் வளரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரவுக்குக் கேக்கும் சுக்குக் காப்பியும் போதும். பிரியாணியைப் பகலில் வையுங்கள்.

பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பும்போது கேக்கில் முட்டை இருப்பதையும் ரம் சேர்த்ததையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அச்சு முறுக்கிலும் முட்டை உண்டு, அது பலருக்குத் தெரியாது. முந்திரிக்கொத்தில் இரண்டும் இல்லை. அதைக் கறி பொரித்த எண்ணெயில் போடாமலிருந்தால் எல்லா வீட்டுக்கும் அனுப்பலாம். ஒரு டப்பாவைத் திருக்காட்சி ஞாயிறுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். நன்றாக ஆறவைத்து மூடியிருந்தால் அதுவரை மொறுமொறுப்பு போகாது.